கேரவன் சீட்டில் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை, ஃபோம் மட்டும் மாற்றினால் போதுமா?

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். டிராவலர் வண்டியைக் கேரவனாக மாற்றிக் கட்டியது ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறோம். இன்ஜின், ஏசி, தண்ணீர் டேங்க், சின்ன கேஸ் அடுப்பு எதையும் குறை சொல்ல முடியாது. பிரச்சினை உட்காரும் இடம்தான். நடுவில் மேசை, அதன் இரண்டு பக்கமும் எதிரெதிராக சீட். ராத்திரி மேசையை இறக்கி, முதுகு மெத்தைகளை எடுத்து அதன்மேல் போட்டால் இரண்டு பேர் படுக்கிற கட்டில். பின்பக்கம் குறுக்காக ஆறடி சோபா. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உட்கார்ந்து அரை மணி ஆவதற்குள் வால் எலும்பு பலகையில் இடிக்க ஆரம்பித்துவிடுகிறது.

போன மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நவக்கிரகக் கோயில்களுக்குக் கிளம்பினோம். சிதம்பரம் தாண்டி வைத்தீஸ்வரன்கோயில் போய்ச் சேருவதற்குள் அம்மா, "இதுக்கு நான் பஸ்ஸிலேயே வந்திருப்பேன்டா" என்று சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து எடுத்துப் போன பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, மீதி தூரத்தை ஒரு மாதிரி ஓட்டினோம். அப்படியும் அது முன்பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது.

வந்ததும் மெத்தையை உருவிப் பார்த்தேன். மேசைப் பக்கத்து சீட் ஒவ்வொன்றும் 42 இன்ச் நீளம், 20 இன்ச் அகலம். யாரும் உட்காராத மூலையில் ஸ்கேல் வைத்தால் 4 இன்ச் காட்டுகிறது, நடுவில் இரண்டரைதான் இருக்கிறது. கையால் அழுத்தினால் விரல் பலகையைத் தொடுகிறது. ஃபோம் மஞ்சளடித்து, ஓரத்தைத் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்கிறது. மேலே காபி கலர் ரெக்சின், முன் விளிம்பில் தையல் ஓடும் இடமெல்லாம் வெடித்திருக்கிறது, ஜிப் ரன்னர் துருப்பிடித்து நகரவே இல்லை, கத்தரிக்கோல் வைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. மெத்தைக்கு அடியில் பிளைவுட்டில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சைப் புள்ளிகள். மழை நாளில் கதவைத் திறந்தால் ஒரு ஈர வாடை வருமே, அது இங்கிருந்துதான் வருகிறது என்று இப்போது புரிகிறது.

மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று விதமாகச் சொன்னார்கள். புதுச்சேரியில் ஒரு குஷன் கடைக்காரர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு புதிதாகச் செய்தால் இருபத்தெட்டாயிரம் என்றார், என்ன ஃபோம் என்று கேட்டால் "நம்பர் ஒன் ஃபோம் சார்" என்பதோடு சரி. கடலூர் ஓ.டி.யில் கார் சீட் கவர் போடுகிறவர், மேலே ஒரு இன்ச் ஷீட் ஒட்டி அதே கவரை மாட்டிவிடலாம், மூவாயிரத்தில் முடியும் என்றார். அம்மா, இலவம்பஞ்சு அடைத்துத் தைத்துவிடு என்கிறார்.

ஃபோம் மட்டும் மாற்றினால் போதுமா, எந்த ஃபோம், எத்தனை இன்ச், பழைய ரெக்சினைக் காப்பாற்ற முடியுமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

உப்பளம்வாசி எழுதியது:

அந்த ஒரு இன்ச் ஒட்டும் யோசனையை மறந்துவிடுங்கள். அடியில் செத்துப்போன ஃபோம்மேல் எதை ஒட்டினாலும் குழி குழியாகத்தான் இருக்கும், மேலே போட்டதும் சீக்கிரம் அதே குழிக்குள் போய்விடும். காசு தட்டுப்பாடு என்றால் அம்மா உட்காரும் இடத்துக்கு மட்டும் இப்போது செய்யுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இலவம்பஞ்சு வீட்டுத் திண்டுக்கு சரி. வண்டி குலுங்குகிற குலுக்கலில் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கட்டி தட்டிவிடும், அடிக்கடி வெயிலில் போட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊசியும்நூலும் எழுதியது:

தம்பி, நான் வில்லியனூரில் லாரி, வேன் சீட் வேலை பார்க்கிறவன். வேலை பிடிப்பதற்காக எழுதவில்லை, போன் நம்பர் கேட்காதீர்கள்.

முதலில் மெத்தையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வெறும் பலகையைப் பாருங்கள். நிறைய பேர் ஃபோமைத் திட்டுகிறார்கள், குற்றவாளி பலகையாக இருக்கும். ஒரு அலுமினிய சதுரப் பைப்பையோ நேரான கட்டையையோ சீட்டின் நீளவாக்கில் வைத்து, நடுவில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். நல்ல பிளையாக இருந்தாலும் 42 இன்ச் நீளத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாவிட்டால் நாளடைவில் தொய்யும், அதுவும் ஈரம் குடித்த பிளை சொல்லவே வேண்டாம். தொய்ந்திருந்தால் அடியில் குறுக்கே இரண்டு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடித்துவிட்டு அப்புறம் ஃபோம் பற்றிப் பேசுங்கள். பலகை உப்பி, ஏடு பிரிந்திருந்தால் ரீப்பரும் பிரயோஜனமில்லை, ஈரம் தாங்குகிற மெரைன் பிளை வாங்கி மாற்றிவிடுங்கள்.

அடுத்து, கடையில் "நம்பர் ஒன்" என்று சொல்கிறவரிடம் டென்சிட்டி எவ்வளவு என்று கேளுங்கள். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ, அவ்வளவுதான் அதன் அர்த்தம். அது ஃபோம் எத்தனை காலம் உழைக்கும் என்பதைத்தான் ஓரளவு காட்டும், உட்கார மெதுவாக இருக்குமா கெட்டியாக இருக்குமா என்பது வேறு கணக்கு. 40 டென்சிட்டியில் மெதுவானதும் உண்டு, கல் மாதிரியும் உண்டு. விரலால் அழுத்திப் பார்த்து "இது கெட்டி, நல்ல ஃபோம்" என்று வாங்கிப் போகிறவர்கள்தான் திரும்பி வந்து சண்டை போடுகிறார்கள். விரலால் அழுத்திப் பார்த்து ஒன்றும் தெரியாது, தரையில் போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே உட்கார வேண்டும்.

கடைக்காரர் சொல்வது உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, தராசு. ஆறடிக்கு மூன்றடி, நாலு இன்ச் ஷீட் 40 டென்சிட்டி என்றால் கிட்டத்தட்ட 6.8 கிலோ வர வேண்டும், 32 என்றால் 5.4 கிலோ. உங்கள் 42-க்கு 20 சீட் ஒன்று நாலு இன்ச்சில் 40 டென்சிட்டி என்றால் 2.2 கிலோ. 32-ஐக் கொடுத்து 40-க்கு காசு வாங்கினால் தராசில் மாட்டிக்கொள்வார். இதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு, எடை ஏற்றுவதற்காக ஃபோமில் சுண்ணாம்புத் தூள் கலப்பார்கள். வெட்டின ஓரத்தை விரலால் தேய்த்தால் நறநறவென்று மாவு ஒட்டும், கொஞ்சம் இழுத்தாலே பிய்ந்து வரும். அப்படி இருந்தால் எடை சரியாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

இப்போது உங்கள் சீட்டுக்கு வருவோம். முழுக்க ஒரே ஃபோம் போடாதீர்கள். அடியில் ஒரு இன்ச் ரீபாண்டட், அதாவது ஃபோம் வெட்டுத் துண்டுகளை அரைத்து அழுத்தி ஒட்டியிருப்பார்களே, பல கலரில் புள்ளி புள்ளியாக இருக்கும், அது. மேலே மூன்று இன்ச் ஹெச்.ஆர். ஃபோம், அதாவது ஹை ரெசிலியன்ஸ், 40 டென்சிட்டி. ரீபாண்டட் இருந்தால் வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பலகை இடிக்காது, ஹெச்.ஆர். இருந்தால் நீங்கள் எழுந்ததும் மெத்தை பழையபடி எழும்பும். முழுக்க ரீபாண்டட் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், விலை குறைவு, அமுங்காது, உண்மைதான், ஆனால் உட்கார்ந்தால் கோயில் மண்டபத் திண்ணைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அம்மா ஒல்லியாக இருப்பவர் என்றால் ஹெச்.ஆரை இரண்டரையாக்கி மேலே அரை இன்ச் மெதுவான ஷீட் கொடுங்கள்.

அடுக்கை ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்.ஆர். என்கிற ரப்பர் பசை போதும். இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்த பிறகு சேர்க்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு இன்ச் விட்டு உள்ளே மட்டும் தடவுங்கள், காய்ந்த பசை ஓரத்தில் வரி மாதிரி நின்று தொடையில் உறுத்தும். வண்டிக்குள்ளே வைத்து ஒட்டாதீர்கள், ஆவி தலையைச் சுற்றும், அடுப்பு வேறு பக்கத்தில் இருக்கிறது என்கிறீர்கள்.

ஒன்று கவனித்தீர்களா, முதுகு மெத்தைதான் ராத்திரி கட்டிலின் நடுப்பகுதி என்று எழுதியிருக்கிறீர்கள். சீட்டை ஐந்து இன்ச் ஆக்கினால் முதுகு நாலு இன்ச்சிலேயே நிற்கும், படுத்தால் நடுவில் ஒரு இன்ச் பள்ளம். கடைக்காரர்கள் சோபா கணக்கில் பார்ப்பதால் இது அவர்கள் கண்ணில் படாது. அதனால் எல்லாம் நாலு இன்ச், இல்லையென்றால் எல்லாம் ஐந்து. ஐந்து என்றால் மேசைக்கும் தொடைக்கும் இடைவெளி குறையும், அம்மாவின் கால் தரையைத் தொடாமல் தொங்கும். தரையிலிருந்து சீட் உயரம் என்னவென்று அளந்து சொல்லுங்கள்.

ரெக்சின் விஷயம். வெடித்ததை ஒட்டுப் போட்டால் பக்கத்தில் வெடிக்கும், விட்டுவிடுங்கள். பக்கவாட்டுத் துணி நன்றாக இருந்தால் மேல் பேனலை மட்டும் பிரித்து டேபஸ்ட்ரி துணி வைத்துத் தைக்கலாம், கூலி மிச்சம். அடிப்பக்கத்துக்கு வலைத் துணி கேளுங்கள், காற்று போகும். ஜிப் நைலான் சுருள் ஜிப்பாக இருக்கட்டும், நம் கடற்கரை உப்புக் காற்றுக்கு இரும்பு ரன்னர் தாங்காது, பிளாஸ்டிக் ரன்னர் கேட்டால் கிடைக்கும். நூலும் பாலியஸ்டர் நூல், பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும்.

கெடிலக்கரை எழுதியது:

அண்ணே, இவ்வளவு விவரமாக எழுதினதற்கு நன்றி. பலகையில் பைப் வைத்துப் பார்த்தேன், மேசைக்கு முன்பக்கத்து சீட்டில் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி தெரிகிறது. பின்பக்கத்து சீட் நேராக இருக்கிறது. அம்மா எப்போதும் உட்காருவது முன்னதில்தான்! பெட்டியின் உயரம் தரையிலிருந்து 14 இன்ச். பிளை உப்பவில்லை, பூஞ்சை மேலோடுதான், உப்புத்தாள் போட்டால் போகிறது.

ஒரு சந்தேகம். வேறொரு இடத்தில் லேடெக்ஸ் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று சொல்கிறார்கள், கேரளா ரப்பர், இயற்கையானது, கொஞ்சம் விலை அதிகம். அது எப்படி?

ரப்பர்தோட்டம் எழுதியது:

லேடெக்ஸ்தான் போடுங்கள் சார், யோசிக்கவே வேண்டாம். வீட்டில் மெத்தை லேடெக்ஸ், எங்கள் வண்டி பின் சோபாவும் லேடெக்ஸ், படுத்தால் தூக்கம் அப்படி வரும். முழுக்க துளைகள் இருப்பதால் காற்றும் போகும். ஃபோம் எல்லாம் கெமிக்கல்.

சிப்காட்ஷிஃப்ட் எழுதியது:

லேடெக்ஸ் நல்ல பொருள்தான், வீட்டுக்குள் இருக்கும்வரை. ரப்பருக்கு வெயிலும் ஓசோனும் ஆகாது, ஜன்னல் ஓரத்தில் கவர் மெல்லியதாக இருந்தால் மேற்பரப்பு மஞ்சளித்து வெடித்து உதிர ஆரம்பிக்கும். எடையும் அதிகம், கட்டில் போடும்போது தினமும் தூக்கிப் புரட்டுகிற மெத்தைக்கு அது சங்கடம். கெட்டித் துணிக்குள் அசையாமல் கிடக்கிற பின் சோபா என்றால் ஆட்சேபணை இல்லை, ரப்பர்தோட்டம் சொல்வது அந்த இடத்துக்குப் பொருந்தும்.

ஃபோம் ஏன் செத்துப்போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகப் போட்டதையும் இதே மாதிரி கொன்றுவிடக் கூடாது. நான் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். ஃபோம் எவ்வளவு அமுங்கிப் போகும் என்று பார்க்க ஒரு சர்வதேச முறை இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 1856. துண்டைப் பாதி உயரத்துக்கு அழுத்திப் பிடித்து, 70 டிகிரி அடுப்பில் 22 மணி நேரம் வைத்து, வெளியே எடுத்து எவ்வளவு திரும்பி எழும்புகிறது என்று அளப்பார்கள். ஃபோமுக்குக் கொடுக்கிற கடுமையான பரீட்சை அது. இப்போது யோசித்துப் பாருங்கள், மே மாதம் சில்வர் பீச்சில் கதவை அடைத்து வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் என்ன சூடு இருக்கும்? அந்த சூட்டில் சீட்மேல் தண்ணீர் கேன், அரிசி மூட்டை, மடக்கு நாற்காலி எல்லாம் ஏற்றி வைக்கிறோம். நாமே அந்தப் பரீட்சையை தினமும் வைக்கிற மாதிரிதான். மனிதர் உட்கார்ந்து எழுந்தால் ஃபோம் அவ்வளவு கெடாது, சூட்டில் அசையாத பாரம்தான் அதை நிரந்தரமாக அமுக்குகிறது. ஊரில் நிறுத்தி வைக்கும்போது சீட் மேல் சாமான் எதுவும் வைக்காதீர்கள்.

இன்னொன்று ஈரம். ஃபோமில் பாலியீதர் வகை, பாலியெஸ்டர் வகை என்று இரண்டு இருக்கிறது. பாலியெஸ்டர் வகை ஈரக் காற்றில் வேதி முறையில் உடைந்து பிசுபிசுத்து உதிர்ந்துவிடும், பாலியீதர் ஈரத்தைத் தாங்கும். சீட்டுக்கு விற்பது பெரும்பாலும் பாலியீதர்தான், ஆனாலும் பேக்கிங்குக்கு வந்த வெட்டுத் துண்டை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஜாக்கிரதை.

முத்தியால்பேட்டை_பாரீஸ் எழுதியது:

பிறந்தது முத்தியால்பேட்டை, குடியிருப்பது பிரான்ஸில் பாரீஸ் பக்கம். இங்கே காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற கேரவன் வைத்திருக்கிறோம், பழசு. இங்கே பழைய கேரவன் வாங்குகிற எல்லோருக்கும் வருகிற தலைவலி இது, அதனால் சில விஷயம் சொல்கிறேன், நம் ஊருக்கு ஒத்து வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் வருகிற கேரவன் சீட் மெத்தையில் முன் விளிம்பு கொஞ்சம் உருண்டையாக மேலெழும்பி இருக்கும், முழங்காலுக்கு அடியில் தாங்குவதற்கு. உட்கார சுகம், படுத்தால் அது விலாவில் குத்தும். அதனால் ராத்திரி மெத்தையைக் குப்புறப் புரட்டியோ முன்பின் மாற்றியோ போடுவோம். உங்கள் கடைக்காரர் அழகுக்காக அப்படி விளிம்பு வைக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தட்டையாக இருந்தால்தான் புரட்டிப் புரட்டிப் பயன்படுத்தலாம், தேய்மானமும் சமமாக இருக்கும்.

பலகை பற்றி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இங்கே பல கேரவனில் மெத்தைக்கு அடியில் முழுப் பலகை இருக்காது, கொஞ்சம் வளைந்த மரச் சட்டங்களாக இடைவெளி விட்டு இருக்கும். அது லேசாக வளைந்து கொடுக்கும், காற்றும் போகும். முழுப் பலகை உள்ளவர்கள் அதன்மேல் பிளாஸ்டிக் பூ மாதிரி ஒன்றோடொன்று மாட்டுகிற ஸ்பிரிங் அடுக்கி அதன்மேல் மெத்தை போடுகிறார்கள். அங்கே அது கிடைக்குமா என்று தேடி அலைய வேண்டாம், பலகையில் ஒரு இன்ச் துளைகளாக, துளைக்குத் துளை ஒரு சாண் விட்டுப் போட்டுவிடுங்கள், பாதி வேலை முடிந்தது. படுக்கிறவர் உடம்புச் சூடும் வேர்வையும் மெத்தை வழியாகக் கீழே இறங்கி, குளிர்ந்த பலகையில் தண்ணீராகத் தேங்குகிறது, அதுதான் உங்கள் கறுப்புப் புள்ளி. ஊட்டி, ஏற்காடு போய் வண்டியிலேயே தூங்கினால் காலையில் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள், கை நனையும்.

குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தி வைக்கும்போது நாங்கள் மெத்தைகளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவோம். இடமில்லாதவர்கள் வண்டிக்குள்ளேயே சுவரில் சாயாமல் செங்குத்தாக நிறுத்தி வைப்பார்கள். உங்களுக்கு அது ஐப்பசி, கார்த்திகை. 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது ஊரில் என் தம்பி கார் நின்ற இடத்தில் தண்ணீர் ஏறியது, சீட்டைக் காய வைத்துக் காய வைத்துப் பார்த்தான், வாடை போகவே இல்லை. சாக்கடை கலந்த வெள்ளத்தில் நனைந்த ஃபோமைக் காப்பாற்ற நினைக்காதீர்கள்.

அப்புறம் நெருப்பு. அடுப்பு அந்த சீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? பக்கத்தில் பிரிட்டனில் 1988-இல் கொண்டுவந்த வீட்டுச் சாமான் தீ பாதுகாப்பு விதிகள் கேரவன் மெத்தைக்கும் உண்டு. சாதாரண ஃபோம் பற்றிக்கொண்டால் நெருப்பைவிடப் புகைதான் ஆளைக் கொல்லும், கார்பன் மோனாக்சைடும் சயனைடும் வரும். இந்தியாவில் வண்டி உள்சாமான்களுக்கு ஐ.எஸ். 15061 என்று ஒரு தரம் இருக்கிறது, பஸ் சீட்டுக்கு ஃபோம் விற்கிறவர்களிடம் அந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், தீ தாங்கும் வகை கிடைத்தால் அடுப்பை ஒட்டின சீட்டுக்காவது அதைப் போடுங்கள்.

பெல்ட்போடுப்பா எழுதியது:

யாரும் கேட்காத கேள்வி. வண்டி ஓடும்போது அம்மா அந்த சீட்டிலா உட்காருகிறார்? பெல்ட் இருக்கிறதா? பெல்ட் உள்ள சீட் என்றால் ரொம்ப மெதுவான, தடித்த மெத்தை போடாதீர்கள். சடன் பிரேக்கில் உடம்பு மெத்தைக்குள் அமுங்கி, இடுப்புப் பெல்ட்டுக்குக் கீழே வழுக்கிப் போகும், பெல்ட் வயிற்றில் ஏறி அழுத்தும். அதே காரணத்தால் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு உட்காருவதும் சரியில்லை, சரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பின்பக்கக் குறுக்கு சோபா நிறுத்தின வண்டியில் காபி குடிக்க மட்டும்தான்.

ஊசியும்நூலும் எழுதியது:

பெல்ட் பற்றி இந்தத் தம்பி சொன்னது சரி, முன் பார்க்கிற சீட்டுக்கு மேலே அரை இன்ச் மெது ஷீட் போதும், அதற்கு மேல் போகாதீர்கள்.

கெடிலக்கரைக்கு: 14 இன்ச் பெட்டி, நாலு இன்ச் மெத்தை, மொத்தம் 18. உட்கார்ந்தால் ஒரு இன்ச் அமுங்கும். அம்மா குள்ளம் என்றால் அதுவே கொஞ்சம் உயரம்தான், ஐந்து வேண்டவே வேண்டாம். முதுகு மெத்தைக்கு 32 டென்சிட்டி போதும். 

வெட்டும்போது கவர் அளவுக்கு வெட்டாதீர்கள். நீளம் அகலம் இரண்டிலும் அரை இன்ச் கூட்டி வெட்டினால்தான் கவர் விறைப்பாக நிற்கும், இல்லாவிட்டால் புதிதிலேயே சுருக்கம் விழும். வீட்டிலேயே வெட்டுவதாக இருந்தால் ஃபிரேம் இல்லாத ஹாக்சா பிளேடு போதும், அழுத்தாமல் நீளநீளமாக இழுத்து வெட்ட வேண்டும். சுற்றி மெல்லிய ரெக்ரான் (பாலியஸ்டர் பஞ்சு) ஷீட் ஒரு சுற்று சுற்றினால் மூலை நிரம்பும். கவருக்குள் நுழைப்பதற்கு ஒரு உபாயம் உண்டு, சலவைக் கடையில் புடவை போட்டுத் தருகிற மெல்லிய பிளாஸ்டிக் உறையை ஃபோம்மேல் போர்த்தி, இரண்டாக மடித்து உள்ளே தள்ளி, நேரானதும் உறையை உருவிவிடுங்கள். இது தெரியாமல் புருஷனும் பொண்டாட்டியும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஃபோமோடு மல்லுக்கட்டின வீடு எனக்குத் தெரியும்.

ஆள் தேடுகிறீர்கள் என்றால் கார் அக்ஸசரீஸ் கடைக்குப் போகாதீர்கள், அங்கே ரெடிமேட் கவர் மாட்டத்தான் தெரியும். லாரி நிற்கும் இடத்துப் பக்கம் சீட் தைக்கிறவர் இருப்பார், அவரிடம் போங்கள். அதற்காக சென்னை ஜி.பி. ரோடு வரைக்கும் போக வேண்டியதில்லை.

கெடிலக்கரை எழுதியது:

வேலை முடிந்தது, கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். முன் சீட் பலகைக்கு அடியில் இரண்டு ரீப்பர் வைத்து ஸ்க்ரூ போட்டோம். எல்லாப் பலகையிலும் துளை போட்டு, உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் அடித்தேன். ஃபோம் புதுச்சேரியில் வாங்கினேன், கடைக்காரரிடம் தராசு கேட்டதும் முகம் மாறியது. "இதையெல்லாம் யாரும் எடை போட்டு வாங்க மாட்டாங்க சார்" என்றார். சரி, நான் போட்டுக்கொள்கிறேன் என்றேன். முதலில் எடுத்து வந்த ஷீட் அதன் அளவுக்கு வர வேண்டிய எடையைத் தொடவில்லை. உள்ளே போய் வேறு ஒன்று கொண்டுவந்தார், அது சரியாக இருந்தது, விலையும் கூடத்தான்.

அம்மா சீட்டுக்கு ஒரு இன்ச் ரீபாண்டட், இரண்டரை ஹெச்.ஆர்., மேலே அரை இன்ச் மெது. மற்றதற்கு ஒன்றும் மூன்றும். கவருக்கு மேல் பேனல் மட்டும் புதிது, அடியில் வலைத் துணி. தைத்தவர் லாரி சீட் தைக்கிறவர்தான், பைப்பிங் கொஞ்சம் கோணல், தையல் இரும்பு. அடுப்புக்குப் பக்கத்து சீட்டுக்குத் தீ தாங்கும் ஃபோம் இன்னும் கிடைக்கவில்லை, அது வரை அந்தப் பக்கம் அடுப்பு எரியும்போது மெத்தையை எடுத்து மாற்றி வைக்கிறோம். மொத்தச் செலவு கடைக்காரர் கேட்ட இருபத்தெட்டாயிரத்தில் பாதிகூட ஆகவில்லை.

பிச்சாவரம் வரை ஒரு நடை போய்வந்தோம். அம்மா சீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, ஏசி காற்று காதில் அடிக்கிறது என்றார்.

உப்பளம்வாசி எழுதியது:

நல்லது! பின் சோபாவுக்கு ஆறடி ஒரே துண்டாகப் போட்டீர்களா, இரண்டா? என் வண்டியிலும் அதே அளவு, ஒரே துண்டு என்றால் படுக்க வசதி என்று வீட்டில் சொல்கிறார்கள்.

கெடிலக்கரை எழுதியது:

இரண்டு. அடியில் பெட்டி மூடியைத் திறக்க ஒரு பாதியைத் தூக்கினால் போதும், மழைக்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுபோகும்போது கதவில் நுழைய வேண்டுமே. நடுவில் விலகாமல் இருக்க இரண்டு துண்டும் சேரும் பக்கத்தில் வெல்க்ரோ தைத்திருக்கிறோம், படுத்தால் அந்தக் கோடு தெரியவில்லை. வெல்க்ரோவை விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் கீழே இறக்கித் தைக்கச் சொல்லுங்கள், மேலே வந்தால் முதுகில் உரசும்.